அழிச்சாலும் திரும்ப வர்ற படம்

இல்ல டீச்சர், காப்பி எடுக்கிறது புரிஞ்சிடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், பென்டிரைவ்ல எல்லாம் ஏறிடுச்சு. திறந்தும் பாத்துட்டேன், திறக்குது. மத்தவங்க கெளம்பட்டும்னுதான் உக்காந்திருந்தேன். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? ரூமப் பூட்டறவரு வந்தா வரட்டும், அதுக்குள்ள முடிச்சிடலாம்.

நான் கேக்க வந்தது வேற. அழிக்கிறது எப்படின்னு.

அந்தக் குப்பைத்தொட்டி தெரியும் டீச்சர். அதுல போட்டேன். போட்டாலும் திரும்ப வருது, அதான் பிரச்சனை.

கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்து இதைக் கேக்கக் கூச்சமாத்தான் இருக்கு. எதையும் தொலைச்சிடாதீங்க, ரெண்டு எடத்துல வைங்கன்னு நீங்க வகுப்பு பூரா தலைபாடா அடிச்சுக்கிறீங்க. என் பக்கத்துல உக்கார்றாரே ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர், அவரு ஒரே மனுவப் புதுசு, ரொம்பப் புதுசு, இதுதான் கடைசி, கடைசிக்கு அப்புறம்னு பேர் போட்டுச் சேத்து வச்சிருக்காரு. அவங்களுக்கு நடுவுல நான் ஒருத்தி, அழிக்கக் கத்துக்கணும்னு வந்திருக்கேன்.

எங்க வீட்டுக்காரரு பஸ் கம்பெனில ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோர்ஸ் பாத்தவரு. ஒரு பெல்ட் அறுந்தா இன்னொரு பெல்ட் கைக்கெட்டற எடத்துல இருக்கணும். அதே புத்தி வீட்டுலயும். வீட்டுல இருந்த போட்டோவெல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டாரு. தனியா ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டாரு. அது பத்தாதுன்னு இன்டர்நெட்லயும் எங்கயோ ஏத்தி வச்சாரு. நான் அந்தப் பக்கமே போனதில்ல. நான் ரெடிமேட் கம்பெனில செக்கிங்ல இருந்தவ. சட்டைய ஒதறி நூல் பிசிறு பாக்கத் தெரியும், இதெல்லாம் என்ன தெரியும்?

இப்ப அவரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா கீபோர்டத் துணியால தொடைப்பாரு. அவ்வளவுதான். மறதி வியாதி. ஆமா, கொஞ்ச நாளாவே. பாஸ்வேர்டு என்னன்னு கேட்டா முழிப்பாரு. ஆனா விரலுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஒரு நாள் தன்னால அடிச்சாரு, நான் பக்கத்துல நின்னு பாத்து மனசுல போட்டுக்கிட்டேன். நல்லவேளை. அடுத்த தடவ விரலும் மறந்துடுச்சு.

அதான் சொல்ல வர்றேன். எங்க டிவியைக் கொஞ்ச நேரம் யாரும் தொடலன்னா அதுல போட்டோ ஓட ஆரம்பிச்சிடும். அதுவும் அவரு செஞ்சு வச்சதுதான். கடல் வரும், ஆபீஸ்ல எடுத்த குரூப் போட்டோ வரும், யார் வீட்டுக் கல்யாணமோ வரும். அவரு சேர்ல சாஞ்சு பாத்துக்கிட்டிருப்பாரு. அதுக்கப்புறம் அந்தப் படம் வரும்.

டிவியை ஆஃப் பண்ணிப் பாத்தேன். டேப்லெட்டக் கையில எடுத்துக்கிறாரு, அதுலயும் இருக்கு. டேப்லெட்ட ஒளிச்சு வச்சேன். வீடு பூரா தேடினாரு. எதைத் தேடறோம்னு தெரியல, ஆனா தேடறாரு. பாக்க முடியாமத் திருப்பிக் குடுத்துட்டேன். சரி, அந்தப் படங்கள மட்டும் எடுத்துடலாம்னு ஒவ்வொண்ணா அழிச்சேன். ஒரு நாள் முழுக்க அதே வேலை. மறுநாள் காலைல பாத்தா, சில வருஷம் முன்னாடி இதே நாள்லன்னு பாட்டு வேற போட்டு அதையே காட்டுது.

எங்க பொண்ணு படம்தான். ஒரே பொண்ணு.

சண்டையா? அதெல்லாம் இல்ல டீச்சர். அவ எங்ககூட சண்டை போட்டதே இல்லன்னு சொல்ல மாட்டேன், போட்டாலும் அன்னைக்கே போன் பண்ணிடுவா. பண்ணினா வைக்க மாட்டா.

அப்படியா? ஆள் முகத்த வச்சு மறைக்க முடியுமா? இருங்க, பாஸ்வேர்ட நானே அடிக்கிறேன். எங்க, காட்டுங்க. ஆமா, அவதான். அட, பல்லு விழுந்தப்ப எடுத்ததும் இங்க இருக்கு. இது முடிய ஒட்ட வெட்டிக்கிட்டு வந்து நின்னது. இது ஹெல்மெட் போட்டிருக்கா, கண்ணு மட்டும்தான் தெரியுது, அதையும் அவதான்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிருக்கே.

அவரும் இப்படித்தான். கூட்டத்துல ஒரு ஓரமா நின்னாலும் அவளக் கண்டுபிடிச்சிடுவாரு. என்னத்தான் தெரியறதில்ல. யாரோ ஒரு அம்மா வந்து டீ குடுக்குது, மாத்திரை குடுக்குதுன்னு நெனச்சுக்கிறாரு. மேடம்னுதான் கூப்பிடறாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவ்வளவு மரியாத எனக்குக் கெடச்சதில்ல.

படத்தப் பாத்தா உடனே கேப்பாரு, இவ எப்ப வர்றா, போனப் போடுங்கன்னு. பொய் சொல்ல எனக்கு மனசு வரல. உள்ளதச் சொல்லிடுவேன். ஆபீஸ் விட்டு வண்டில வந்தா, லாரிக்காரன் அடிச்சிட்டான், அங்கயே முடிஞ்சுபோச்சு, நீங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளப் பாத்துட்டு வந்தீங்கன்னு. அவருக்கு அது அன்னைக்கு நடந்தது டீச்சர். பழசுன்னு அவருக்கு ஒண்ணும் கெடையாது. அப்படியே மடிஞ்சு உக்காந்து அழுவாரு. சாயங்காலம் எல்லாம் மறந்து, சாப்பிட்டாச்சா மேடம்னு கேப்பாரு. அப்புறம் மறுபடி டிவில வரும். மறுபடி நான் சொல்லணும்.

வெளியூர் போயிருக்கான்னும் சொல்லிப் பாத்தேன். அது இன்னும் மோசம். வாசல்லயே நிக்கிறாரு. அவ வந்ததும் சேந்து சாப்பிடறேங்கிறாரு. தட்டுல போட்டது ஆறிப் போகுது.

இல்ல, தண்ணி வேணாம் டீச்சர், எனக்கு ஒண்ணும் இல்ல. நான் அழ மாட்டேன். மொதல்ல எல்லாம் அவரோட சேந்து அழுதேன். சொல்லிச் சொல்லி இப்ப கரண்ட் போயிடுச்சுன்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சு. அடுப்புல பால் பொங்கிடப் போகுதேன்னு பாத்துக்கிட்டே சொல்றேன், நம்ம பொண்ணு செத்துப் போச்சுன்னு.

முந்தாநேத்தும் அப்படித்தான். சொல்லிட்டு, தொவைச்ச துணிய மடிச்சுக்கிட்டிருந்தேன். அழுது ஓஞ்சு என்னையே பாத்தாரு. மேடம், நீங்க கொஞ்சம்கூட அழலையே, உங்களுக்கு எங்க பொண்ணத் தெரியாதான்னு கேட்டாரு.

தெரியாதுங்கன்னேன். வேற என்ன சொல்ல? சும்மா ஒரு பேச்சுக்கு, எப்படி இருப்பா, சொல்லுங்களேன்னேன். பொறந்ததுலேர்ந்து சொன்னாரு டீச்சர். ஒண்ணு விடல. எனக்கே தெரியாததெல்லாம் சொன்னாரு. அவங்க அம்மா மாதிரி பிடிவாதம்னாரு. ஆனா அந்த அம்மா நல்லவங்கன்னாரு. நான் கேட்டுக்கிட்டே துணி எல்லாத்தையும் மடிச்சு முடிச்சேன்.

பூட்டறவரு வந்துட்டாரு போல. சரி, இத அழுத்தினா அவ மறைஞ்சிடுவா, டிவிலயும் வராதில்ல? நீங்க அழுத்த வேணாம். தள்ளுங்க, நானே அழுத்தறேன்.