ஹென்றிக்குக் காய்ச்சிய கஞ்சி

கோதண்டராமன்: …கடுகு. இதோ, இன்னொண்ணு. இது என்ன, கறிவேப்பிலையா? ரேணுகாம்பாள், குச்சியால தள்ளிக் காட்டறேன், கிட்ட வந்து பாருங்க.

ரேணுகாம்பாள்: ஐய… நாய் வெளிக்கிப் போனதை நான் எதுக்கு சார் பாக்கணும்? அதுவும் காலங்காத்தால!

கோதண்டராமன்: வைத்தியத்துல இதான்மா முதல் பாடம். வயிறுன்றது தபாலாபீஸ் மாதிரி. காலையில போட்ட கடுதாசி ராத்திரிக்குள்ள வந்து சேரும். முத்திரையைப் பார்த்தாலே எந்த ஊர்ல போட்டதுன்னு தெரிஞ்சிடும். இது எந்த ஊர்க் கடுதாசி, தெரியுதா?

ராஜமாணிக்கம்: எந்த ஊரு சார்?

கோதண்டராமன்: தாளிச்ச ஊரு.

ரேணுகாம்பாள்: அபாண்டம் சார்! நான் தாளிக்கவே இல்ல. வெறும் தண்ணியில ஓட்ஸு வேக வெச்சிக் குடுன்னீங்க. பத்து நாளா வெறும் தண்ணியிலதான் வேக வெக்கறேன். வேணும்னா எங்க வூட்டுக்காரரையே கேளுங்க.

ராஜமாணிக்கம்: ஆமா சார். ஒண்ணுமே போடறதில்ல. வெறும் கஞ்சி. வழவழன்னு, தொண்டையில எறங்கறதே தெரியாது…

கோதண்டராமன்: யார் தொண்டையில?

ராஜமாணிக்கம்: நாய் தொண்டையிலதான் சார். நான்தானே கிண்ணத்தை எடுத்துகினு போயி பின்னால பம்புசெட்டு ரூம்ல வெக்கறேன். பாத்தா தெரியாதா?

கோதண்டராமன்: ம்… மாட்டாஸ்பத்திரியில இருபது வருஷமா கம்பவுண்டரா இருக்கேன். மாடு, ஆடு, கோழி, ஒரு தடவை சர்க்கஸ்காரன் ஒட்டகம்கூட வந்தது. பத்தியம் ஒழுங்கா இருந்து, பத்து நாள் ஆகியும் நிக்காத வயித்துப்போக்கை நான் பார்த்ததில்ல.

ரேணுகாம்பாள்: அது இருக்கட்டும் சார். நெஜக் கடுதாசி ஒண்ணு வந்திருக்குது. எங்க மொதலாளி வெள்ளைக்காரம்மா, மார்த்தாம்மா, பாண்டிச்சேரிலேர்ந்து போட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல இருக்குது. கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க.

கோதண்டராமன்: குடுங்க… "அன்புள்ள ரேணுகா, ராஜமாணிக்கம்… விசா வேலை முடிஞ்சிடுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ல வர்றேன்…"

ரேணுகாம்பாள்: வரட்டும், வரட்டும். வூட்டைக் கழுவி வுட்டுடறேன்.

கோதண்டராமன்: இருங்கம்மா, இன்னும் இருக்கு. "ஹென்றியை நெனச்சாத்தான் கவலையா இருக்கு. நான் வர்றதுக்குள்ள அவன் வயிறு சரியாகலேன்னா, இந்த ஊர் அவனுக்கு ஒத்துக்கலேன்னுதான் அர்த்தம். பெங்களூர்ல என் சிநேகிதி வீட்டுல தோட்டம் இருக்கு. அவங்க வளர்க்கத் தயாரா இருக்காங்க. சனிக்கிழமை கார் அனுப்பறாங்க…"

ரேணுகாம்பாள்: பெங்களூருக்கா? ஹென்றியா?

கோதண்டராமன்: அப்படித்தான் எழுதியிருக்கு.

ரேணுகாம்பாள்: செங்கம் ரோட்டுல லாரிக்காரன் அடிச்சிப் போட்டுட்டுப் போனானே, அப்ப முந்தானையில சுத்தித் தூக்கினு வந்தவ நானு. உள்ளங்கை அகலம்தான் இருந்துது. பேரு மட்டும்தான் அவங்க வெச்சாங்க. எழுந்து நிக்க வெச்சது யாரு?

ராஜமாணிக்கம்: அது போவக் கூடாது சார். கூடவே கூடாது.

ரேணுகாம்பாள்: இன்னாங்க இது! போன மாசம், 'இந்த நாயை எங்கயாவது வுட்டுட்டு வா, தோட்டத்தையே தோண்டிப் போட்டுடுச்சு'ன்னு குதிச்சீங்களே?

ராஜமாணிக்கம்: அது போன மாசம். மனுசன் மாற மாட்டானா?

கோதண்டராமன்: இன்னிக்கு செவ்வாய். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. பத்தியம் சரியா இருந்தா மூணு நாள் போதும். ஸ்டவ்வைப் பத்த வைங்க. என் கண்ணு முன்னால காய்ச்சுங்க, எங்க தப்பு நடக்குதுன்னு பார்த்துடலாம்.

ரேணுகாம்பாள்: பாருங்க, நல்லா பாருங்க. மூணு டம்ளர் தண்ணி. கொதி வரட்டும்… ஆங், வந்துடுச்சு. இப்ப ஒரு டம்ளர் ஓட்ஸு.

கோதண்டராமன்: ஒரே அடியா கொட்டாதீங்க. தூவினாப்பல போடுங்க, கிளறிக்கிட்டே. இல்லேன்னா கட்டி தட்டும். மேல வெந்திருக்கும், உள்ள மாவா இருக்கும். சரி… உப்பு?

ரேணுகாம்பாள்: கெடையாது.

கோதண்டராமன்: சர்க்கரை?

ரேணுகாம்பாள்: கெடையாது.

கோதண்டராமன்: பால், நெய், பெருங்காயம்?

ரேணுகாம்பாள்: எதுவுமே கெடையாது சார். உப்பில்லாம ஒரு ஜீவனுக்குச் சோறு வெக்கறோமேன்னு மனசு அடிச்சிக்கும். அப்பகூட ஒரு கல்லு போட்டதில்ல.

கோதண்டராமன்: நல்லது. இப்ப அது வயித்துக்குள்ள என்ன ஆயிருக்கு தெரியுமா? உள்தோல் சிராய்ச்சிக் கிடக்கு. முழங்கால்ல சிராய்ச்சா உப்பை வெச்சித் தேய்ப்பீங்களா? மாட்டீங்க. இந்தக் கஞ்சி பாருங்க, வேக வேக எப்படிக் கூழாகுது! அந்த வழவழப்புதான் மருந்து. உள்ள போயி, சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்சாப்பல படியும். சும்மா தண்ணியா ஓடறதை இழுத்துப் பிடிச்சிக் கெட்டியாக்கும்.

ராஜமாணிக்கம்: நெஜம்தான் சார். ரெண்டாவது நாளே எரிச்சல் அடங்கிடுது…

கோதண்டராமன்: எரிச்சலா? நாய் சொல்லிச்சா?

ராஜமாணிக்கம்: மூஞ்சைப் பாத்தா தெரியுது சார்.

கோதண்டராமன்: பரவாயில்லையே, நீங்க ஆஸ்பத்திரிக்கே வந்துடலாம் போலிருக்கே. அம்மா, என்ன அது, கரண்டியை வாயில வைக்கறீங்க?

ரேணுகாம்பாள்: வெந்துச்சான்னு பாக்க வேணாமா?

கோதண்டராமன்: ரெண்டு விரல்ல நசுக்கிப் பார்த்தா போதும்மா. முழுக் கரண்டி எதுக்கு?

ரேணுகாம்பாள்: கையில சுடும் சார்.

கோதண்டராமன்: வாயில சுடாதாக்கும். சரி, இறக்குங்க. ஆற விடுங்க. விரலை விட்டா சுடக் கூடாது. சூடா குடுத்தா வெந்த புண்ணுல வெந்நீர் ஊத்தற கதைதான். அது ஆறட்டும். இன்னொண்ணு கேக்கணும்… வெங்காயம், பூண்டு எதையாவது ஹென்றி அக்கம்பக்கத்துல எங்கயாவது தின்னுச்சா?

ரேணுகாம்பாள்: நாய் எங்கயாவது பூண்டு தின்னுமா?

கோதண்டராமன்: தின்னக் கூடாதும்மா. நமக்குத்தான் அது மருந்து. நாய்க்கு விஷம். நாளாக நாளாக ரத்தத்தையே கெடுத்துடும்.

ராஜமாணிக்கம்: விஷமா?

கோதண்டராமன்: ஆமாம்.

ராஜமாணிக்கம்: எவ்ளோ பூண்டு சார்?

கோதண்டராமன்: எவ்வளவுன்னா?

ராஜமாணிக்கம்: இல்ல… ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். கொழம்புல கெடக்கற பூண்டைப் பொறுக்கிப் போட்டுட்டு, வெறும் கொழம்பு மட்டும்னா?

கோதண்டராமன்: எந்தக் குழம்பு?

ராஜமாணிக்கம்: பொதுவா… ஊர்ல இருக்கற கொழம்பு.

ரேணுகாம்பாள்: இன்னாங்க, ஏன் வேர்க்குது உங்களுக்கு?

ராஜமாணிக்கம்: ஸ்டவ்வு சூடு. கஞ்சி ஆறிடுச்சு பாரு, குடு. நான் எடுத்துகினு போறேன். நீங்க கெளம்புங்க சார், ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது.

கோதண்டராமன்: இருங்க. இன்னிக்குக் கிண்ணத்தை இங்கயே வைங்க. அது சாப்பிடறதை நான் பார்க்கணும்.

ராஜமாணிக்கம்: ஆள் பாத்தா சாப்பிடாது சார். வெக்கப்படும்.

கோதண்டராமன்: நாயா?

ராஜமாணிக்கம்: வளத்த வெதம் அப்படி.

ரேணுகாம்பாள்: ஹென்றி! ஏய் ஹென்றி! வா, வா… வந்துட்டான் பாருங்க. இந்தா, கஞ்சி. சாப்புடு கண்ணு… ஏன் மோந்து பாத்துட்டு இப்படித் திரும்பிக்கினு போறான்?

கோதண்டராமன்: ஏதோ முன்ன பின்ன பார்த்ததே இல்லாத மாதிரி மோந்து பார்க்கறானே. எங்க போறான்?

ரேணுகாம்பாள்: இவரு தூக்குச்சட்டி கிட்ட போயி உக்காந்துக்கினான். மதியத்துக்கு நான் கட்டிக் குடுத்த சோறு. ஏய், அது உன்னுது இல்லடா!

கோதண்டராமன்: ஒரு காலைத் தூக்கி மூடியில வேற வைக்கறான். ராஜமாணிக்கம்…

ராஜமாணிக்கம்: சார்.

கோதண்டராமன்: மூடியைத் திறங்க.

ராஜமாணிக்கம்: தொறந்துதான் ஆவணுமா?

கோதண்டராமன்: நான் திறக்கறேன். சோறு… காரக்குழம்பு… அடேயப்பா, மூக்குல ஏறுது! பூண்டு. கடுகு. கறிவேப்பிலை. ஊர் கிடைச்சிடுச்சும்மா. இவர் சாப்பாட்டை நாய் சாப்பிட்டிருக்கு. அப்ப நாய் கஞ்சியை…

ரேணுகாம்பாள்: ஐயோ, ஐயோ! நாய்க் கிண்ணத்துலயா!

ராஜமாணிக்கம்: சாமி சத்தியமா இல்லமே! தட்டுல மாத்திக்கினுதான் சாப்புட்டேன். அந்தக் கிண்ணத்துல அதுக்கு கொழம்புச் சோறு. எனக்குத் தட்டுல கஞ்சி. மருவாதையாத்தான் நடந்துது.

கோதண்டராமன்: அதான் அவன் கண்ணுல தண்ணி கொட்டுச்சா? கண்ணு வியாதின்னு நெனச்சி ஒரு வாரமா சொட்டு மருந்து போட்டேனேய்யா! அது குழம்புக் காரமா?

ராஜமாணிக்கம்: கண்ணுல தண்ணி வுட்டுக்கினே வாலையும் ஆட்டுவான் சார். புடிச்சிதான் சாப்புட்டான். பூண்டு விஷம்னு எனக்கு சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா வெப்பனா?

ரேணுகாம்பாள்: உங்களுக்கு இன்னா கேடு? பொண்டாட்டி ஆக்கிப் போடற சோத்தை வுட்டுட்டு நாய்க் கஞ்சி கேக்குதா?

ராஜமாணிக்கம்: வயித்துல நெருப்பு சார். ஆறு மாசமா. ராத்திரியில எழுந்து எழுந்து உக்காந்துக்குவேன். மொத நாளு கிண்ணத்தை எடுத்துகினு போறப்ப ஒரு வாய் ருசி பாத்தேன். உள்ள போயி… ஐஸ் வெச்சாப்பல இருந்துது. ரெண்டாம் நாளு பாதி. மூணாம் நாள்லேர்ந்து முழுசும்.

கோதண்டராமன்: வீட்டுல சொல்ல வேண்டியதுதானே? காரத்தைக் கம்மி பண்ணும்மான்னு?

ராஜமாணிக்கம்: சொன்னேன் சார். கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தரம் சொன்னேன். 'காரம் கொஞ்சம் ஜாஸ்தி'ன்னு. பொட்டியைத் தூக்கினு அடி அண்ணாமலைக்கு அம்மா வூட்டுக்குப் போயி எட்டு நாளு உக்காந்துக்கினா.

ரேணுகாம்பாள்: எட்டு நாளு இல்ல. ஆறு நாளு.

ராஜமாணிக்கம்: கூப்புட்டு வரப் போன எடத்துல, அவங்க அம்மா, அண்ணன்காரன் எல்லாரும் நிக்கறாங்க. இன்னா சொல்றதுன்னு தெரியல. 'உன் கைக் காரம் இல்லாம நாக்கு செத்துப் போச்சு, இனிமே ரெண்டு பங்கா போடு'ன்னு சொல்லிட்டேன்.

கோதண்டராமன்: அப்புறம்?

ராஜமாணிக்கம்: அப்புறம் இன்னா சார்… இருபத்திரண்டு வருஷமா ரெண்டு பங்கு.

ரேணுகாம்பாள்: தெருவுல எல்லார்கிட்டயும் சொல்வீங்களே, 'என் பொண்டாட்டி காரக்கொழம்பு மாதிரி ஜில்லாவுலயே கெடையாது'ன்னு?

ராஜமாணிக்கம்: நெஜந்தானே? கெடையாதே.

கோதண்டராமன்: சண்டையை அப்புறம் வெச்சிக்கலாம். முதல்ல ஹென்றியைப் பாருங்க. இன்னிலேர்ந்து அந்தத் தூக்குச்சட்டி அவன் கண்ணுலயே படக் கூடாது. கஞ்சி மட்டும்தான், நாலு வேளையா பிரிச்சி, கொஞ்சங் கொஞ்சமா. முதல்ல முறைப்பான். பசிச்சா சாப்பிடுவான். நாளன்னிக்கு வந்து பார்க்கறேன். வெள்ளிக்கிழமை பஸ் வர்றதுக்குள்ள நிமிர்ந்து நிப்பான், நான் பொறுப்பு.

ராஜமாணிக்கம்: பெங்களூரு போவ மாட்டானே?

கோதண்டராமன்: மாட்டான். ஆனா ஒண்ணு, நாயைக் காப்பாத்தணும்னு துடிச்சீங்களா, கஞ்சியைக் காப்பாத்தணும்னு துடிச்சீங்களான்னுதான் எனக்குப் புரியல.

ராஜமாணிக்கம்: ரெண்டும்தான் சார். நாய் போனா ஓட்ஸும் நின்னுடும் இல்ல?

கோதண்டராமன்: நல்ல ஆளுய்யா நீங்க! உங்க வயித்துக்கு மனுஷ டாக்டரைப் பாருங்க, எங்கிட்ட வராதீங்க. அம்மா, என்ன அந்தக் கரண்டியையே பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? கோவமா?

ரேணுகாம்பாள்: …கோவம் இல்ல சார்.

கோதண்டராமன்: அப்ப சரி. இனிமே ரெண்டு டம்ளர் ஓட்ஸ் போடுங்க. ஒண்ணு ஹென்றிக்கு. ஒண்ணுல கொஞ்சம் உப்பு போட்டு இவருக்கு. மார்த்தாம்மா வந்ததும் நானே சொல்லிக்கறேன்.

ராஜமாணிக்கம்: உப்புகூட வேணாம் சார். பழகிடுச்சு.

ரேணுகாம்பாள்: ரெண்டு டம்ளர் பத்தாது சார்… மூணா போட்டுக்கறேன். இருபத்திரண்டு வருஷமா இவருக்குப் புடிக்குமேன்னு அந்தக் காரத்தை ஆக்கறேன், என் வாயி வெந்து போச்சு. பத்து நாளா இவரு கையில கிண்ணத்தைக் குடுக்கறதுக்கு முன்ன, பாதிக் கஞ்சியை அடுப்பு கிட்டயே நின்னு நான்தான் குடிச்சிட்டுக் குடுத்தேன். என் பங்கு கொழம்பை இன்னா பண்றதுன்னு தெரியல… ஆசையா சாப்புடறாரேன்னு அதையும் சேத்து இவரு தூக்குலதான் ஊத்தி அனுப்பினேன்.