பச்சைக் கட்டம்

— கையெழுத்துப் போட மாட்டேன்னா மாட்டேன்தான் சார். பாலத்துத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு இன்னிக்கு ஒன்பதாம் நாள். இருபத்தோரு நாளாவது ஆக வேண்டாமா? அதுக்குள்ள தளத்தைத் தாங்கற முட்டுக் கம்பமெல்லாம் பிரிச்சாச்சுன்னு எழுதியிருக்கீங்க! அதோ, ஜன்னல் வழியாப் பாருங்க, அத்தனை கம்பமும் நிக்குது.

— மேஸ்திரி, நீங்க ஜன்னலைப் பார்க்கறீங்க, நான் சார்ட்டைப் பார்க்கறேன். அதனாலதான் நான் திட்ட அதிகாரி.

— சார்ட்ல பிரிச்சுட்டா தளம் கெட்டியாயிடுமா?

— டார்கெட்னு ஒண்ணு இருக்கு பாருங்க. நாளைக்குத் தலைவர் வர்றார். சுவர் சார்ட் முழுக்க முடிஞ்ச வேலைக்கெல்லாம் பச்சை, நடுவுல ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்புன்னா, புதுச் சட்டையில மை கொட்டின மாதிரி இருக்காது? காலையிலேயே பச்சை அடிச்சுட்டேன். பன்னிரண்டு நாள் மிச்சம்!

— யார் வீட்டு நாளை சார் மிச்சம் பிடிச்சீங்க? தலைவர் வர்றார்னு சிமென்ட்டுக்குத் தெரியுமா? என் தம்பியும் மச்சானும் அந்தத் தளத்துக்கு அடியிலதான் வேலை செய்யறாங்க. அது உட்கார்ந்துட்டா உங்க பச்சைக் கட்டமா ஓடி வந்து தாங்கும்?

— கத்தாதீங்க. இதுக்காகத்தான் போன வாரம் உத்தரவே போட்டேன். இனிமே யாரும் எதுக்கும் மேஸ்திரியைக் கேக்கக் கூடாது. ஒரு கட்டம் பச்சையானா, அடுத்த கட்டத்து வேலையைத் தொடங்கிட வேண்டியதுதான்.

— தெரியுமே. கக்கூஸ் கதவுல கூட ஒட்டியிருக்கீங்க.

— எங்க ஒட்டினா என்ன? படிக்கறாங்க இல்ல? முறைன்னா முறை. யாருப்பா அது, வாசல்ல?

— நான்தாங்க சார், ஜல்லி லாரி டிரைவர். முழு லோடோட பாலத்துக்கிட்ட நிறுத்தியிருக்கேங்க.

— எதுக்கு?

— சார்ட்டைப் பார்த்தேங்க. முட்டுப் பிரிக்கறது பச்சையாயிடுச்சு. அடுத்த கட்டம், பாலத்து மேல பாரம் ஏத்திச் சோதிக்கறதுங்க. 'லாரியில கூடப் போக வேண்டியவர்: திட்ட அதிகாரி'ன்னு போட்டிருக்குங்க. முன் சீட்டைத் துடைச்சு வெச்சிருக்கேன். ஏறுங்க சார், போலாம்.

— ஏறுங்க சார். முறைன்னா முறைதானே?

— யோவ் டிரைவர், சார்ட்டைப் பார்த்து எவனாவது வேலை செய்வானா? அது தலைவருக்குக் காட்டறதுக்குய்யா! லாரியைப் பின்னால எடு! எதுவா இருந்தாலும் மொதல்ல மேஸ்திரியைக் கேளு!