நெட்டையன் யார் பிள்ளை?

அண்ணி: ...அதான் தம்பி, எனக்கு மண்டை காயுது. நம்ம உருண்டை குட்டைக்கால் நாய். கீழ்வீட்டு நாயும் குட்டை. பொறந்ததுல மூணு குட்டை. இவன் மட்டும் எப்படிக் கொக்குக்கால்?

தம்பி: டேய் நெட்டையா, செருப்ப விடு! அண்ணி, ஜோரா ஓடுறானே... என்ன குறை?

அண்ணி: குறையா? உங்க அண்ணனோட மேனேஜர் ஆசையா வாங்கிட்டுப் போனவரு, கால் வளர வளரத் திருப்பிக் குடுத்துட்டாராம். குட்டைன்னு சொல்லி ஏமாத்திட்டோமாம்.

தம்பி: அடடா.

அண்ணி: கீழ்வீட்டுக்காரர் அதுக்கு மேல. "என் நாய் பேர்ல பழி போடாதீங்க, உங்க நாய்தான் வேலி தாண்டியிருக்கு"ங்கிறாரு!

தம்பி: உருண்டையா? வாசப்படி தாண்டவே மூச்சு வாங்குவா... வேலியா தாண்டினா!

அண்ணி: சிரிக்காத. நீ ஜீன் லேப்லதானே இருக்க? பதில் சொல்லு.

தம்பி: வளர்ச்சிக்குச் சேதி சொல்ற ஜீன் ஒண்ணு எல்லா நாய்க்கும் இருக்கு. குட்டைக்கால் நாய்க்கு அதோட நகல் ஒண்ணு, சம்பந்தமே இல்லாத இடத்துல கூடுதலா ஒட்டிக்கிட்டிருக்கு. அது வேண்டாத நேரத்துலயும் பேசும். கால் எலும்பு குழம்பிப்போய் சீக்கிரமே கடையச் சாத்திடும்.

அண்ணி: ஒரே ஒரு நகலா? அதுக்கா இந்தக் கால்?

தம்பி: அதான் அதோட அழகே! பாக்குறதுக்கு மத்த உடம்பெல்லாம் அப்படியே இருக்கும், கால் மட்டும் குறுகும். எவ்ளோ நுணுக்கம் பாருங்க!

அண்ணி: சரி சரி, கண்ணு மின்னுது... இவன் கதைக்கு வா.

தம்பி: எல்லா ஜீனும் ஜோடியா வரும். அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணு. உருண்டைக்கு ஒரு பக்கம் நகல் இருக்கு, மறுபக்கம் இல்ல. கீழ்வீட்டு நாய்க்கும் அப்படித்தான் இருக்கணும். ஒண்ணு இருந்தாலே கால் குட்டைதான்.

அண்ணி: இரு இரு... இவன் ரெண்டு பேர்கிட்டயும் நகல் இல்லாத பக்கத்த வாங்கிட்டான்!

தம்பி: சபாஷ் அண்ணி! நாலுல ஒண்ணு அப்படி விழலாம். நெட்டையா இருக்கான்னு அப்பன மாத்த வேண்டியதில்ல.

அண்ணி: அப்போ மறுபடி சேத்து விட்டா குட்டை வரும்ல? உங்க அண்ணன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மேனேஜருக்கு வாக்குக் குடுத்துட்டாராம்.

தம்பி: ...வேணாம் அண்ணி.

அண்ணி: ஏன்?

தம்பி: போன மழைக்கு உருண்டை பின்னங்கால இழுத்துக்கிட்டுக் கிடந்தாளே...

அண்ணி: அது படியில வழுக்கி—

தம்பி: வழுக்கினது சாக்கு. இவளுக்கு இருக்கிற நகல் கால குறுக்கிட்டு முதுகுக்கும் போகும். முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி தட்டு இருக்குல்ல? அது இளசுலயே காஞ்சு கெட்டியாயிடும். சோபால இருந்து ஒரு குதி... தட்டு பிதுங்கி நரம்ப அமுக்கிடும்.

அண்ணி: நடக்கவே முடியாமப் போயிடுமா?

தம்பி: சிலதுக்குப் போயிடும். இந்த முதுகோட இவ இன்னொரு தடவ குட்டி சுமக்கணுமா? பொறக்குற குட்டைக்கும் இதே பயம்.

அண்ணி: நெட்டையனுக்கு?

தம்பி: அவன்கிட்டதான் நகலே இல்லையே! பயம் ரொம்பக் கம்மி. அந்தத் தாவலப் பாருங்க...

அண்ணி: ஐயோ, மேஜை மேல! என்ன லாவகம் கழுதைக்கு... தம்பி, குட்டி வேணாம்னியே, அத இன்னொரு தடவ சத்தமா சொல்லு.

தம்பி: ஃபோன எதுக்கு என் வாய்கிட்ட நீட்டுறீங்க? லைன்ல யாரு?

அண்ணி: உங்க அண்ணன். நான் சொன்னா ஏறுமா? என்னங்க... எல்லாம் கேட்டுச்சா?

அண்ணன்: கேட்டுச்சு, கேட்டுச்சு. மேனேஜர் ஒண்ணும் திருப்பிக் குடுக்கல. இவன விட்டுட்டு இருக்க முடியாம, பதிலுக்கு ஒரு குட்டை தர்றேன்னு சொல்லி நான்தான் கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். அவர்கிட்ட நானே பேசிக்கிறேன். உருண்டைக்கு இனி குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணிடுவோம். மத்த மூணு குட்டியையும் வாங்கிட்டுப் போன வீட்டுக்கெல்லாம் குதிக்க விடாதீங்கன்னு சொல்லிடுவோம். நெட்டையன் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்.