குமிழி இல்லாத கண்ணாடி

வெயிலைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, சார். எனக்குச் சோறு போடுவதே அதுதான். வானம் மூடிக்கொண்ட நாளில் என் கடைப் பக்கம் ஈ எறும்பு கூட எட்டிப் பார்க்காது.

நீங்கள் என்னை ஏற்றி வந்த ஜீப்பின் பின்கண்ணாடியைக் கவனித்தேன். வெயிலுக்கு ஒட்டுகிற கறுப்பு பிலிம் ஊதா நிறமாகி, ஓரமெல்லாம் உரிந்து நிற்கிறது. யாரோ மலிவுச் சரக்கை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். போலீஸ் தலையிலேயே கட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும், அவனைப் பிடித்து உள்ளே வைத்தாலும் தப்பில்லை. சரி சரி, விஷயத்துக்கு வருகிறேன். மச்சானைப் பற்றித்தானே கேட்டீர்கள்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். மரச்சாமான் கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். என் கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்தவர். என் மகள் பிறந்த அன்று எனக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் போய் நின்றவர். ஒரே ஒரு குறை, வாய். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் வாருவது ஊர் உலகத்தில் நடப்பதுதான், அதற்காகக் கோபித்துக்கொள்கிற ஆள் நானில்லை. ஆனால் அவர் வாரினால் வீடே சிரிக்கும். நான் வாரினால், "சாப்பாடு ஆறுதுங்க" என்பாள் என் மனைவி.

என் தொழிலை அவர் கடைசிவரை தொழிலாகவே மதிக்கவில்லை. "கறுப்புப் பேப்பர் ஒட்டுறதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு போர்டு" என்பார். கடை வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, இறங்கி வராமல், ஹாரனை விடாமல் அமுக்குவார். நான் ஈரக் கையோடு ஓடி வந்து என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாப்ள, சும்மா பார்க்கணும்னு தோணுச்சு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். வருஷக் கணக்காக இந்த விளையாட்டு. அந்த ஹாரனை நீங்கள் மறக்கக் கூடாது, பின்னால் வரும்.

நான் செய்வது பேப்பர் ஒட்டுகிற வேலை இல்லை, சார். முதலில் கண்ணாடியைத் தூசி தும்பு இல்லாமல் வழிக்க வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, பிலிமை உள்பக்கமாகப் படுக்க வைத்து, ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வெளியேற்ற வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. ஒரு மணல் அளவு தூசி உட்கார்ந்தாலும் அங்கே ஒரு குமிழி நிற்கும். பசை காய நாலைந்து நாள் ஆகும். அதுவரை கண்ணாடியை இறக்கவே கூடாது, இறக்கினால் பிலிம் சுருண்டுகொள்ளும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதனால் கண்ணாடி இறக்கும் பொத்தான்களின் ஃபியூஸை நானே கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். எல்லா வண்டிக்கும் அப்படித்தான். மச்சான் வண்டிக்கென்று தனியாகச் செய்ததில்லை. என் வாடிக்கையாளர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நான் கடை திறந்த புதிதில் மச்சான் காருக்குத்தான் முதலில் ஒட்டினேன். பின்கண்ணாடியில் ஒரு குமிழி நின்றுவிட்டது, மிளகு அளவு. பிரித்து ஒட்டித் தருகிறேன், காசு வேண்டாம் என்று கெஞ்சினேன். "அது என் சொத்து மாப்ள, தொடப்படாது" என்றார். அத்தோடு விட்டாரா? நகப்பூச்சை வாங்கி அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் போட்டார். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவார். "இது எங்க மாப்ள கையெழுத்து."

போன மாதம் ஒரு டிராவல்ஸ் முதலாளி, தன் வண்டிகளையெல்லாம் என்னிடம் கொடுப்பதாகப் பேசி முடிக்க வீட்டுக்கு வந்திருந்தார். மச்சானும் வந்தார். அந்த மனிதரைத் தோளில் கைபோட்டுத் தெருவுக்கு அழைத்துப் போய் வட்டத்தைக் காட்டினார். திரும்பி வந்த முதலாளி, யோசித்துச் சொல்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்ற என் மனைவி சிரித்தாள். கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள். அன்று எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, எரிந்தது.

நான் சண்டை போடவில்லை. "மச்சான், இப்ப வந்திருக்கிற பிலிம் வேற ரகம். ஒருதரம் ஒட்டிப் பாருங்க" என்றேன். அவர் கண் மின்னியது. பந்தயம் என்றால் அவருக்குத் தூக்கம் வராது.

"சரி, ஒட்டுங்க. உச்சி வெயில்ல உள்ள உக்கார்றேன், ஏசி இல்லாம. என் நெத்தியில ஒரு பொட்டு வேர்வை வந்துச்சுன்னா நீங்க போர்டை இறக்கிட்டு எங்கிட்ட நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்க வந்துடணும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா ஜென்மத்துக்கும் உங்கள ஒரு வார்த்தை கிண்டல் பண்ண மாட்டேன். போதுமா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சொல்லவில்லை, பெரியவர்கள் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தெருவில் எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. காலை முழுக்க உட்கார்ந்து ஒட்டினேன். பழைய பிலிமை உரித்தேன், சிவப்பு வட்டத்தைச் சுரண்டி எடுத்தேன். ஃபியூஸைக் கழற்றினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு குமிழி கிடைக்காது. மச்சானே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாப்ள, தேறிட்டீங்க" என்றார். பதினாறு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அப்போதே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது.

காரை வெயிலில், மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்தினேன். சாவியை நான் வைத்துக்கொண்டேன், ஏசி போட்டுவிட்டால் பந்தயம் என்னாவது? மச்சான் தன் போனைக் கடைக்குள் சார்ஜில் போட்டுவிட்டு, "முதலாளி பின்சீட்லதான் உக்காருவார்" என்று ஏறிக்கொண்டார். நான் பூட்டினேன்.

அந்த வகைக் காரில் ரிமோட்டை ஒருதரம் அழுத்தினால் பூட்டும், உள்ளே இருக்கிறவர் திறந்துகொள்ளலாம். இரண்டுதரம் அழுத்தினால் உள்ளிருந்தும் திறக்காது. திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. ஓட்டுகிற மச்சானுக்கு அது தெரியாது. ஒட்டுகிற எனக்குத் தெரியும்.

பிறகு ஷட்டர் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு பிளேடுகளைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஹாரன் அடித்தது. சீட்டுக்கு நடுவே எக்கி அடித்திருப்பார். நான் என்ன நினைப்பது, சார்? இத்தனை வருஷமாக ஹாரன் அடித்து, ஓடிப்போனால் ஒன்றுமில்லை என்றவர். இந்த முறை நான் ஓடவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன், அதை மறுக்கவில்லை. அது நல்ல பிலிம், வெளியே நிற்கிறவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. என் முகம்தான் தெரிந்தது. தலை கலைந்திருந்தது, சீப்பை எடுத்து வாரிக்கொண்டேன். உள்ளே இருந்து பார்த்தால் வெளியே எல்லாம் பளிச்சென்று தெரியும், அதுதான் இந்தச் சரக்கின் விசேஷம். அவர் உள்ளங்கையால் கண்ணாடியில் அறைந்தார். எனக்குச் சுருக்கென்றது. பசை காயாத பிலிமில் கை வைக்காதீர்கள் என்று அவ்வளவு சொல்லியிருந்தேன்.

அப்போது என் மனைவி போனில் கூப்பிட்டாள். "அண்ணன் போன எடுக்க மாட்டேங்குது. உங்ககூடவா இருக்கு?"

"ஆமா. கார்ல ராஜா மாதிரி உக்காந்திருக்கார். பந்தயம்."

"இந்த வெயில்லயா? அதுக்கு பிரஷர் இருக்குங்க. விளையாடாதீங்க, இறக்கி விடுங்க."

"விளையாடுறது நானில்லம்மா" என்று வைத்துவிட்டேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஹாரன் விட்டு விட்டு அடித்தது, பிறகு நின்றது. நின்றதும் திறக்கலாம் என்று எழுந்தேன். இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் என் மனைவிதான் ஆட்டோ பிடித்து வந்து, என் பையிலிருந்து சாவியைப் பிடுங்கித் திறந்தாள். அவள் போட்ட சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. பாவம், அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். இப்போது என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். நாளானால் சரியாகிவிடும். அந்தப் பக்கக் கண்ணாடியில் பிலிம் சுருங்கி, ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கிறது. சாட்சிக்கு வேண்டும் என்று நீங்கள் வண்டியைக் கொண்டுபோய்விட்டீர்கள். வேலை முடிந்ததும் சொல்லுங்கள், அந்த ஒரு கண்ணாடியைப் பிரித்து ஒட்டித் தருகிறேன், காசு வேண்டாம். அதைப் பார்த்தால் என் வேலை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாம் தடவை ரிமோட்டை அழுத்தியது தற்செயலா என்று கேட்டீர்கள். இல்லை, சார். எண்ணித்தான் அழுத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் நான் குனிந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சட்டை தொப்பலாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. நெற்றி காய்ந்து கிடந்தது. சூடு தலைக்கேறிவிட்டால் கடைசியில் வியர்க்கிறதே நின்றுபோகும் என்று உங்கள் டாக்டர் ஏதோ விளக்கம் சொல்கிறார். பேச்சு நெற்றியைப் பற்றித்தான், அதில் ஒரு பொட்டு இல்லை. பந்தயத்தில் ஜெயித்தது நான். மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார். அதற்கப்புறம் என்னை ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை.