கை நீட்டினால் வரும் தண்ணீர்

மணி இரண்டு. ஆள் நடமாட்டமே இல்லாத பாதை... தொப்பூர் கணவாய் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. இந்தப் பாதையில் இருட்டே கிடையாது. பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். காலுக்கடியில் கம்பளம். நிற்கிறவனை நின்றபடியே இழுத்துக்கொண்டு போகிற பட்டை ஒன்று தரையில் ஓடிக்கொண்டே இருக்கும். பேய்க்குப் புளியமரம் வேண்டும், அமாவாசை வேண்டும் என்று இவ்வளவு நேரம் ஆளுக்கு ஆள் அளந்துவிட்டீர்கள். ஒரு மண்ணும் வேண்டாம். மனிதனுக்கு அலுப்பு இருந்தால் போதும். அலுத்துப் போனவன் எதையும் உற்றுப் பார்க்க மாட்டான்.

இது என் சிநேகிதன் அன்புவின் மச்சானுக்கு நடந்தது. அன்புவின் தங்கை நிர்மலாவைக் கட்டியவன், பெயர் தமிழ்மணி. அன்பு இங்கேதான் இருக்கிறான்... அதோ, அந்த மூலை பெஞ்சில். மழைக்கு இந்த அதியமான்கோட்டை டீக்கடையில் ஒதுங்கின டிரைவர்களில் டீ வேண்டாம் என்றவன் அவன் ஒருவன்தான். நான் பிசகிச் சொன்னால் அவன் திருத்தட்டும். பாஷா பாய், அந்த விளக்கு எரியட்டும், அணைத்துத் தொலைக்காதே.

எத்தனையோ வருஷமாக ஏர்போர்ட் சவாரி அடிக்கிறேன். ஒரு தடவை கூட உள்ளே விட்டதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கொட்டாவி விடுவதோடு நம் பிழைப்பு சரி. அதனால் உள்ளே இருக்கிற சங்கதியெல்லாம் தமிழ்மணி அன்புவிடம் சொன்னது, அன்பு என்னிடம் சொன்னது.

தமிழ்மணிக்குப் பாப்பாரப்பட்டி தாண்டி ஒரு கிராமம். வளைகுடாவில் ஏசி குழாய் மாட்டுகிற வேலை. அவன் அப்பா கிருஷ்ணப்பன் தக்காளித் தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு சாய்ந்துவிட்டார். ஒரே மகன். அம்மா ராமக்காள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள், மகன் வராமல் பிணத்தை எடுக்க விடமாட்டேன் என்று. ஐஸ் பெட்டி வரவழைத்து வைத்தார்கள். பங்காளிகள் முனகினார்கள். கடைசியில், நாளைக்குப் பொழுது இறங்குவதற்குள் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் நாங்களே எடுத்துவிடுவோம் என்று கெடு வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டில் அப்பன் பிணம் கிடக்கையில், மகன் கைத்தண்ணீர் முதலில் அந்த வாய்க்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் அவன் வேறு யாருக்கும் கையால் தண்ணீர் வார்க்கக் கூடாது. ஏன், எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். என் அப்பன் சொன்னான், நான் சொல்கிறேன்.

நேர் விமானம் கிடைக்கவில்லை. நடுவில் இன்னொரு நாட்டில் இறங்கி மாறி ஏறவேண்டும். இறங்கினால்... பனிமூட்டம். பெங்களூர் விமானம் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. பலகையில் அவன் விமானத்துக்கு நேராக ஒரே வார்த்தை, தாமதம். செத்த சேதி வந்ததிலிருந்து கண்ணை மூடவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில் அந்த ஏர்போர்ட்டைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறான்.

ஓர் ஊரையே கூரை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்றானாம். நம் தருமபுரி பஸ் ஸ்டாண்டு அங்கே இருக்கிற நகைக்கடைக்குள்ளேயே அடங்கிவிடும். சாக்லேட்டை நெல் மாதிரிக் குவித்து வைத்திருக்கிறார்கள். மேடை மேல் ஒரு கார் தானாகச் சுற்றுகிறது. காசைப் போட்டால் முதுகு பிடித்துவிடுகிற நாற்காலி. சிகரெட் பிடிக்கக் கண்ணாடி அறை, தொழுகைக்கு ஓர் அறை, குழந்தைக்குத் துணி மாற்ற ஓர் அறை. ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து அவன் மணிக்கட்டில் சென்ட் அடித்துவிட்டுப் போனாள். அப்பன் செத்துப் போயிருக்கிறான், இவனுக்குச் சென்ட்டு!

எல்லாவற்றுக்கும் அறை உண்டு. அழுவதற்கு மட்டும் கிடையாது. கக்கூஸில் போய்த்தான் அழுதிருக்கிறான்.

அழுது முடித்து முகம் கழுவ வந்தான். அங்கே குழாய்க்குத் திருகு கிடையாது. கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வரும், எடுத்தால் நின்றுவிடும். சோப்பும் அப்படித்தான், சொத்தென்று உள்ளங்கையில் விழும். எலுமிச்சையும் புதினாவும் கலந்தாற்போல ஒரு வாசனை. சென்ட் நாற்றம் போகட்டும் என்று அதைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் ஓர் ஆள். நீல உடுப்பு, கட்டடம் கட்டுகிற சைட்டில் வேலை செய்கிறவர்கள் போடுவது. கிருஷ்ணப்பன் வயதுதான் இருக்கும். காலில் செருப்பில்லை. கணுக்காலில் ஓர் அட்டை கட்டியிருந்தது. பெட்டிக்குக் கட்டுகிற அட்டையைத் தொலையாமல் இருக்கக் காலில் கட்டிக்கொண்டிருக்கிறார் போல என்று இவன் நினைத்துக்கொண்டான். சொன்னேனே... அலுப்பு.

அந்த ஆள் குழாய்க்கு அடியில் கையை நீட்டினார். தண்ணீர் வரவில்லை. அடுத்த குழாய்க்குப் போனார். அதிலும் வரவில்லை. அதற்கடுத்ததிலும்... ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே போனார். ஒன்றும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கடைசிக் குழாயண்டை நின்று முணுமுணுத்தார்.

"நாக்கு வறளுது... ஒரு சொட்டு வரமாட்டேங்குதே."

நம் பேச்சு! அந்த ஊர் பேர் தெரியாத இடத்தில், நம் பேச்சு. தமிழ்மணிக்கு அப்பனே வந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. எந்த ஊருங்க என்று கேட்டான். பென்னாகரம் பக்கம் என்றார் அவர். இந்த ஊரில்தான் வேலையாம். ஊருக்குக் கிளம்பி ஒரு மாதமாகிறதாம்.

"பேப்பரு வரலன்னு ஒரு மாசமா போட்டு வெச்சிருந்தாங்க கண்ணு. ஒரே குளுரு. இன்னிக்கித்தான் ஏத்தறாங்களாம்."

இவன் அதையும் உற்றுக் கேட்கவில்லை. பாட்டில் தண்ணீர் வாங்கித் தருகிறேன் என்றான். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். நீ பிடித்துக் கொடு, அது போதும் என்றார். அப்புறம் இன்னொன்றும் கேட்டார்.

"உனக்கு நான் என்ன முறை ஆவேன் கண்ணு?"

"எங்கப்பா வயசு இருக்கீங்க. பெரியப்பான்னே வெச்சுக்கங்க."

மாமா என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மாமன் முறை என்றால் கல்யாணத்துக்குச் சீர் வைப்பதோடு போய்விடும். பெரியப்பா என்றால் இவன் மகன் ஆகிவிட்டான். பிள்ளையில்லாத பெரியப்பனுக்குக் கொள்ளி வைக்கிற மகன். நம் ஆட்களுக்கு வயதான மனிதரைக் கண்டால் இந்த முறை வைத்துக் கூப்பிடுகிற வியாதி ஒன்று இருக்கிறதே... வாய் சும்மா இருக்காது.

தமிழ்மணி குழாயில் கையை நீட்டினான். தண்ணீர் கொட்டியது. இரண்டு கையும் சேர்த்து ஏந்தி அவர் வாயண்டை கொண்டுபோனான். கையில் சோப்பு வாசம் போகவில்லை, மன்னிச்சுக்கங்க என்றான். அவர் குனிந்து குடித்தார். உதடு பட்ட இடம் ஐஸ் மாதிரி இருந்தது. ஏசியில் கிடந்தவர், அப்படித்தான் இருக்கும் என்று இவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். மூன்று கை வார்த்தான். தரையில் ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மவன் கைத் தண்ணி... இனிமே எனக்குக் கவல இல்ல கண்ணு. உன் வூட்டுக்கே வந்து குடிச்சுக்கறேன்."

அதற்குள் ஒலிபெருக்கியில் பெங்களூர் விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். வாங்க பெரியப்பா, போலாம் என்று அவரையும் அழைத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறான். ஏறுகிற இடத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு. இவனைக் கண்டதும் சர்ரென்று திறந்தது. தாண்டினான். மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் அவர் கதவுக்கு அந்தப்பக்கம் நிற்கிறார். கதவு திறக்கவே இல்லை. திறக்கலாம் என்று இவன் இரண்டு அடி பின்னால் வந்தான். கதவு திறந்தது... அங்கே யாரும் இல்லை. விமானத்திலும் தேடியிருக்கிறான். இல்லை. சீட்டில் சாய்ந்தவன் பெங்களூர் வரைக்கும் கட்டை மாதிரித் தூங்கியிருக்கிறான்.

அன்புதான் காரில் போய் ஏற்றிக்கொண்டு வந்தது. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு கடையில் டீக்கு நிறுத்தினார்கள். பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ். முன்கண்ணாடியில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தது. தமிழ்மணி டீயை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். படத்தில் அந்த ஆள். அதே நீல உடுப்பு. கீழே, சென்றாயன், பென்னாகரம்.

ஆம்புலன்ஸ் டிரைவர் அன்புவுக்குப் பழக்கம். அவன் சொன்னான். வெயிலில் சைட்டிலேயே சுருண்டு விழுந்தாராம், தண்ணி தண்ணி என்று கேட்டபடியே. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. பேப்பர் கிடைக்க ஒரு மாதம் ஆயிற்றாம், அதுவரைக்கும் ஐஸில். காலையில்தான் பெட்டி வந்ததாம். எந்த விமானத்தில் என்று அன்பு கேட்டான். இவன் வந்த அதே விமானம். இவன் மேலே சீட்டில், அவர் கீழே சரக்கோடு.

மீதி வழி முழுக்க தமிழ்மணி அன்புவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். எனக்குப் பயமா இல்ல மச்சான், எங்கப்பனுக்கு வெச்சிருந்தத வேற வாய்க்குக் குடுத்துட்டேன், அதுதான் நெஞ்ச அடைக்குது என்று அழுதானாம். அன்பு ஒன்றே ஒன்று சொன்னான், இதை உன் அம்மாவிடம் மூச்சு விடாதே என்று.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ராமக்காள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்துட்டான் பாரு, உம்மவன் வந்துட்டான் பாரு என்று பிணத்தைப் பார்த்துச் சொன்னாள். தமிழ்மணி செம்பில் தண்ணீர் எடுத்து அப்பன் வாயில் வார்த்தான். நிற்கவில்லை. கன்னத்தில் வழிந்து காதுக்குள் ஓடிவிட்டது. மறுபடி வார்த்தான். அதுவும் வழிந்தது. மூன்றாவதும்... சடங்கு செய்கிற நாவிதர், ஐஸில் கிடந்த உடம்பு, வாய் கட்டிக்கொள்ளும், வருத்தப்படாதே என்றார். இருக்கும். நாம் என்ன டாக்டரா? எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்தார்கள்.

அன்று ராத்திரி, பிணம் கிடந்த இடத்தில் விளக்கேற்றி, ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்தார்கள். எல்லா வீட்டிலும் வைப்பதுதான். போனவர் வந்து ஒரு வாய் குடிப்பார் என்று நம்பிக்கை. காலையில் பார்த்தால் செம்பு காலி. அடியில் ஈரம் கூட இல்லை. ராமக்காளுக்கு அத்தனை ஆறுதல்.

"பாத்தியாடா? உங்கப்பன் வந்து குடிச்சிட்டுத்தான் போயிருக்காரு."

அக்கம்பக்கத்துக்கெல்லாம் செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். அப்புறம் மறுபடி நிரப்பி வை என்று மகன் கையில் கொடுத்தாள். தமிழ்மணி வாங்கிக்கொண்டு குனிந்தான்... செம்புக்குள்ளிருந்து வாசனை வந்தது. எலுமிச்சையும் புதினாவும்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று சொல்லுவான்? பேசாமல் நிரப்பி வைத்தான்.

என் கதை அவ்வளவுதான். மழை கூட விட்டுவிட்டது. பாஷா பாய், கணக்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்... என்று நான் எழுந்தேன். மூலையில் இருந்த அன்பு தலை நிமிராமல் கேட்டான்.

"அவ்ளோதானா?"

பின்னே, வேறென்ன என்றேன். கடைக்கு வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து நிர்மலா போன் பண்ணுச்சு. ராத்திரி கொழந்தைக்கு ஒண்ணுக்கு வுடறதுக்கு வெளிய வந்துச்சாம். கொல்லப்பக்கத்துக் கொழாகிட்ட யாரோ நிக்கறாங்களாம். தோள்ல பச்சத்துண்டு... அதுக்கு நல்லாத் தெரியும், மாமனாருதான். கொழாய நல்லாத் தொறந்து வுட்டுட்டு, கைய ஏந்திட்டு நிக்கறாரு. தண்ணி வர்ல. அவரு உள்ள போனதுக்கப்புறம் நிர்மலா போயி கைய நீட்டுச்சாம்..."

நிறுத்தினான். அப்புறம் சொன்னான்.

"கொட்டுச்சாம்."