ரதத்துப் பேட்டரிக்கு இழுத்த கம்பி

அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா சோமசுந்தரம் அவர்களே! ரத ஊர்வலக் குழுவின் பெரியோர்களே! கிள்ளான் நகரத்து உழைப்பாளித் தோழர்களே! முன்வரிசையில் இராஜம்மாவின் கையை விடாமல் பற்றியிருக்கும் தாய்மார்களே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

இராஜம்மாவின் கணவன் நாகையாவுக்கு இரங்கல் பேச என்னை அழைத்தீர்கள். படம் இருக்கிறது, மாலை இருக்கிறது, "இறைவன் அழைத்துக்கொண்டான்" என்று பதாகையும் இருக்கிறது. இறைவனா அழைத்தான்? ரதத்து விளக்குகளுக்கான லோரி பேட்டரிகளை நாகையா வீட்டு வாசல் போர்ச்சில் சார்ஜ் போடச் சொன்னது இறைவனா? கூடத்துப் பிளக்கிலிருந்து சாரல் அடிக்கும் இடத்துக்குக் கம்பி இழுத்தது இறைவனா? சார்ஜர் பெட்டியில் கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கவேண்டிய எர்த் கம்பியை வெட்டி எறிந்தது இறைவனா?

என்ன? பின்னால் யார் அது, தலையெழுத்து என்பது? தலையெழுத்தைக் குறடு வைத்துக்கொண்டா எழுதுவார்கள் தம்பி?

அந்த வீட்டுச் சுவரில் ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து ஆளைக் காப்பாற்றும். மழை பெய்தபோதெல்லாம் அது விழுந்தது. விழுந்து விழுந்து எச்சரித்தது! குழு என்ன செய்தது? "ஊர்வலம் நெருங்கிடுச்சு, சும்மா டிரிப் ஆகிட்டே இருந்தா எப்படி? அதைத் தூக்கிட்டு டைரக்டா குடுத்துடு லா" என்று உத்தரவு போனது. லைசென்ஸ் இல்லாத ஒருவன் வந்து அப்படியே கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் மழையில் பேட்டரியைப் பார்க்கப் போன நாகையா, அந்த இரும்புச் சார்ஜர் பெட்டியைத் தொட்டான். செத்தான்.

வெளியே பிளக் வேண்டுமா? தனிக் கம்பி, எர்த், மழை படாத மூடி, கசிந்தால் விழும் சுவிட்ச், லைசென்ஸ் உள்ள கை. இந்த எண்பத்தேழாம் ஆண்டில் இதுகூடவா நமக்குத் தெரியாது? மேளத்துக்கும் பூவுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தீர்களே, ஓர் உயிருக்குப் பார்க்க நேரமில்லையா? வெட்கம்! வெட்கம்!

நேற்று இராஜம்மா என்னிடம் அழுதார். "அண்ணே, சுவிட்ச் விழுந்து ஐஸ்பெட்டி நின்னு நின்னு போவுது, ஏதாச்சும் பண்ணுங்கன்னு குழுக்கிட்ட நான்தான் கேட்டேன். நானே அவரைக் கொன்னுட்டேன் அண்ணே."

கேட்டீர்களா தாய்மார்களே? ஒரு பாவமும் அறியாதவள் தன்னையே சபித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறாள்.

ஐயா சோமசுந்தரம் அவர்களே! குழுத் தலைவரே! அந்த உத்தரவு உங்கள் வாயிலிருந்து போனது. கைதட்டாதீர்கள் தோழர்களே, இது கைதட்டும் இடமல்ல. பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். மைக்கை உங்களிடமே தருகிறேன் ஐயா. "அம்மா, நீ காரணமில்லை, நான்தான்" என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.