காலி ரோட்டுக்குக் காட்டிய கை

— அப்ப, கை காட்டவே இல்லைங்கறீங்க.

— காட்டல மேடம். பின்னாடி யாருமே இல்லாதப்ப எதுக்குக் காட்டப்போறேன்? அந்தப் பொண்ணு தானா வந்து வலது பக்கம் நுழைஞ்சுட்டா. நான் வளைவுக்குத் திரும்பறேன், டமார்னு சத்தம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

— சரி, உக்காருங்கண்ணே. அந்த ஹெல்மெட்டைக் கீழ வைங்க. காலையில ஆறு மணியிலேர்ந்து நிக்கறேன், எனக்கும் கால் கடுக்குது. இந்த டிராக்குக்குப் பாதுகாப்பு அதிகாரின்னு பேரு. பாதி நாள் பஞ்சாயத்து பண்ணியே பொழுது போயிடுது.

— அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கு?

— மணிக்கட்டு சுளுக்கிடுச்சு. கட்டுப் போட்டாச்சு. கார்தான் ஓரத்துல டயர் அடுக்கின சுவர்ல மோதி முன்பக்கம் நொறுங்கிக் கிடக்கு. நர்ஸ் வேலை பாக்குற பொண்ணு. ஆசை ஆசையா வாங்கின கார். அழுதாக்கூடப் பரவாயில்ல, ஒத்தைக் கையால உடைஞ்ச துண்டுகளைப் பொறுக்கிட்டிருக்கா. அதான் எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.

— ஐயோ பாவம்.

— பாவம்னு சொல்றீங்க. ஆனா நான் கை காட்டாமலேயே அவ முந்திட்டான்னு நீங்க இந்தக் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டா, அவளை ஒரு வருஷத்துக்கு உள்ளயே விடமாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா? இது ரேஸ் இல்ல, அவங்கவங்க சொந்தக் கார்ல டிராக்கைச் சுத்தற நாள். முன்னாடி போறவர் ஜன்னல் வழியா கையை நீட்டி, இந்தப் பக்கம் போன்னு காட்டினாதான் பின்னாடி வர்றவங்க முந்தலாம். காட்டினவர் அந்தப் பக்கம் ஒரு இஞ்ச் கூட வரக்கூடாது. இங்க சட்டமே இந்த ரெண்டுதான்.

— எனக்கே பாடமா? சொல்றேன் கேளுங்க, பதினோரு வருஷமா வர்றேன். வழி விடறதுல என்னை மிஞ்சின ஆள் ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம்.

— இல்லதான். அதனாலதான் பசங்க உங்களை ‘போய்ட்டு வாங்க’ அண்ணன்னு கூப்பிடறாங்க.

— அப்படியா? எனக்குத் தெரியாதே. பேரு நல்லாத்தான் இருக்கு.

— கூட யார் வந்திருக்கா?

— வீட்டுக்காரிதான். மேல கேலரியில உக்காந்து குறுக்கெழுத்துப் போட்டுட்டிருப்பா. அவகிட்ட யாரும் போய் எதையும் உளறலையே?

— மோதின சத்தம் கேலரி வரைக்கும் கேட்டிருக்கும்ணே. உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு ஆள் விட்டுச் சொல்லியாச்சு. இந்த ரூம்ல இருக்கீங்கன்னும் சொல்லச் சொன்னேன்.

— அதை எதுக்குச் சொன்னீங்க? முட்டி வலிக்காரி, அத்தனை படி இறங்கணும். வரமாட்டா. வந்தா புலம்பலோடதான் வருவா, சத்தம் முதல்ல வரும்.

— திரைச்சீலையை இழுத்து விடறேன். இந்த வெளிச்சத்துல டிவி தெரியாது.

— டிவி எதுக்கு?

— உங்க கார் கேமராவைக் குடுத்தீங்களே, அதுல எல்லாம் பதிவாகியிருக்கு. பாத்துட்டா முடிஞ்சது.

— என் வாய் வார்த்தை போதாதா மேடம்?

— போதும்னா நான் இந்நேரம் வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பேன். பாருங்க. இது ஆறாவது சுற்று. நேர் ரோட்டுக்கு வந்துட்டீங்க. நடுவுல இருக்கற மிரரைப் பாருங்க.

— காலி. சொன்னேனா இல்லையா?

— அவ வழிக்காகக் காத்துக்கிட்டு ஏற்கெனவே வலது பக்கம் ஒதுங்கிட்டா. அதான் அதுல தெரியல. இப்ப ஜன்னலைப் பாருங்க.

— ம்.

— அது யார் கை அண்ணே?

— என் கைதான்.

— எந்தப் பக்கம் காட்டுது?

— வலது பக்கம். போன்னு காட்டுது. மேடம், எனக்கு ஞாபகமே இல்ல. என் பேத்தி மேல சத்தியமா ஞாபகம் இல்ல.

— பேத்தியை விடுங்க, நான் நம்பறேன். பொய் சொல்றவங்களை இந்த நாற்காலியில நிறையப் பாத்திருக்கேன். அவங்க முதல்ல கேமராவைத்தான் கழட்டி ஒளிச்சு வைப்பாங்க. நீங்களே எடுத்துட்டு வந்து குடுத்தீங்க.

— அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல.

— இல்ல. வான்னு கூப்பிட்டீங்க, வந்தா. வந்தவ மேல கதவைச் சாத்திட்டீங்க. ஆனா எனக்குத் தலை சுத்தறது அது இல்லண்ணே. இருங்க, இன்னொண்ணு போடறேன். இது ரெண்டாவது சுற்று. பின்னாடி யாரு?

— யாருமில்ல.

— கை?

— காட்டறேன்.

— மூணாவது சுற்று. பின்னாடி ஈ காக்கா இல்ல. கை?

— இருக்கு.

— நாலு, அஞ்சு, ரெண்டும் அதே கதைதான். கேமராவுல அழிக்காம இருந்த போன மாசப் பதிவையும் பாத்துட்டேன். அதே நேர் ரோடு, அதே இடம். காலி ரோட்டுக்குக் கை காட்டிட்டுப் போறீங்க, கல்யாண வீட்டு வாசல்ல நிக்கறவர் மாதிரி.

— மரியாதைதான் மேடம். பழகிப்போச்சு.

— யாருக்கு மரியாதை? காத்துக்கா?

— கதவு என்ன, கிரீச்சுங்குது?

— கதவை விடுங்க. டிவியைப் பாருங்க.

— நீங்க எங்க பாத்துத் தலையாட்டறீங்க?

— கழுத்து வலி. அண்ணே, இத்தனை நேரம் எனக்கு வெறும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இப்ப உறுதியாயிடுச்சு.

— எது உறுதியாச்சு?

— நான் சொல்லி நீங்க ஒத்துக்கறதைவிட, நீங்களே சொல்லிடறது நல்லது. உங்களுக்கு என்ன தொழில்?

— தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்க. போன வருஷம் உங்களுக்கு இந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டதே நான்தான்.

— ஆமா. அப்ப என் கண்ணை எப்படி டெஸ்ட் பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்கு. நேராப் பாருங்க, பக்கத்துல என் விரல் தெரியுதான்னு கேட்டீங்க. இப்ப நான் கேக்கட்டுமா?

— வேண்டாம்.

— வலது பக்கமா?

— வேண்டாம்னு சொன்னேன்ல மேடம்.

— எனக்கு அவசரம் இல்ல. நான் போய் நிக்க வேண்டிய இடத்துல வேற ஆளைப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

— வலது பக்கம்தான். ஒண்ணே கால் வருஷம் ஆச்சு. கடையில கூட்டமே இல்லாத ஒரு மத்தியானம், கண்ணு அழுத்தம் பாக்குற மெஷின்ல சும்மா என் கண்ணை வச்சேன். வந்த நம்பரைப் பாத்துட்டு மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். துடைச்சுட்டு மறுபடி வச்சேன், அதே நம்பர். மூணாவது தடவை மெஷினைக் குறை சொல்ல மனசு வரல.

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போனேன். போனது போனதுதான், இருக்கறதையாவது காப்பாத்தலாம்னு சொட்டு மருந்து குடுத்தார். கடையில ஸ்க்ரூ போட்டு வைக்கற டப்பாவுக்குள்ள அதை ஒளிச்சு வச்சிருக்கேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடறவன் கண்ணு இப்படி ஆயிடுச்சுன்னு தெரிஞ்சா கடைக்குள்ள எவன் வருவான்? சிரிப்பா சிரிச்சுடுவாங்க.

— கார் ஓட்டலாம்னு டாக்டர் சொன்னாரா?

— அதை அவர்கிட்ட கேக்கவே இல்ல.

— அதாவது, அவர் ஓட்டக்கூடாதுன்னு சொன்னார்.

— சொன்னார்.

— அண்ணே, அண்ணே. என்ன சொல்றது உங்களை.

— சொல்றேன் கேளுங்க. தலையைத் திருப்பிப் பாத்தா எனக்கு எல்லாமே தெரியும். ஆனா எப்பத் திருப்பணும்னு தெரியணுமே. அந்தப் பக்கம் கறுப்பா இருந்தாலாவது, ஓகோ இங்க தெரியலன்னு உஷாராயிடலாம். கறுப்பும் இல்ல, மங்கலும் இல்ல. ஒண்ணுமே இல்ல. ஒண்ணும் இல்லாத இடத்தை யாராவது திரும்பிப் பாப்பாங்களா?

— அதான் காலி ரோட்டுக்குக் கை காட்டினீங்களா?

— பின்னாடி யார் வர்றாங்க, பக்கத்துல யார் இருக்காங்கன்னு தெரியல. தெரியலன்னா எல்லாருக்கும் ஒரு கையைக் காட்டிட்டா என்னன்னு தோணுச்சு. இருந்தா போயிடட்டும், இல்லன்னா நஷ்டம் ஒண்ணும் இல்ல. ஒருத்தரும் குறை சொல்லல. நல்ல மனுஷன்னு பேருதான் வந்துச்சு. போகப் போக அது கையோட வேலையா ஆயிடுச்சு, மனசுக்குத் தெரியாமயே கை வெளிய போகும். இன்னிக்குப் பாவம், நெஜமாவே ஒரு பொண்ணு அங்க இருந்திருக்கா.

— ஆண்டவன் புண்ணியத்துல அங்க டயர் சுவர் இருந்துச்சு. ரோட்டுல சைக்கிள்ல ஒரு பொண்ணு இருந்திருந்தா?

— அதை நினைக்காம ஒரு நாள் கூட நான் தூங்கினதில்ல மேடம். தினமும் காலையில பேத்தியை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறவன் நான்.

— வீட்டுல சொல்லியிருக்கலாமே.

— யார்கிட்ட? இவகிட்டயா? உங்களுக்கு அவளைத் தெரியாது. பஸ்ல போனா கண்ணை மூடமாட்டா. ரயில்ல ராத்திரி பூரா உக்காந்தே இருப்பா. நான் வண்டியை எடுத்து நாலு தெரு தாண்டறதுக்குள்ள தலை சாஞ்சுடும். இருபத்தொம்பது வருஷமா என் பக்கத்து சீட்டுல மட்டும்தான் அவளுக்கு வழியில தூக்கம் வருது. இதைச் சொன்னதுக்கப்புறம் அவ கண்ணை மூடுவாளா?

— மூடாம இருக்கறதே நல்லதுண்ணே.

— நல்லதுதான். எனக்குத்தான் தாங்காது. நல்லவேளை, அவ சீட்டு இடது பக்கம். கார்ல அவளுக்கு எதுவும் தெரிய வழியே இல்ல. வீட்டுலதான் கஷ்டம். ஒருநாள் வலது பக்கத்துலேர்ந்து காபியை நீட்டிக்கிட்டே நின்னிருக்கா. எனக்குத் தெரியல. என்ன கோபம், ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கறீங்கன்னு ரெண்டு நாள் பேசல. அதுக்கப்புறம் சாப்பாட்டு மேஜையில இடத்தை மாத்திக்கிட்டேன். வலது பக்கம் சுவர் இருக்கற மாதிரி.

— அவங்க ஏன்னு கேக்கலையா?

— ஃபேன் காத்து நேரா அடிக்குது, சளி பிடிக்குதுன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து அந்த ஃபேனைப் போடறதே இல்ல, வேர்த்து வடிய உக்காந்து சாப்பிடறா. ஒரு பொய் சொன்னா அது பாட்டுக்குக் குட்டி போடுது மேடம். களைச்சுப் போயிட்டேன். கண்ணு தெரியாததுகூட இவ்வளவு களைப்பா இல்ல. தெரியற மாதிரி நடிக்கறேன் பாருங்க, அதுதான் உயிரை வாங்குது.

— தண்ணி குடிங்க.

— வேண்டாம். அந்தக் காகிதத்தைக் குடுங்க. எழுதறேன். கை காட்டினது நான், அவ பாதையில போய் அடைச்சதும் நான். அந்தப் பொண்ணு மேல ஒரு துளி தப்பு இல்ல. போதுமா? இதையும் எழுதணுமா, கண்ணு விஷயத்தை?

— எழுதணும்ணே.

— எழுதிட்டேன். படிச்சுப் பாத்துக்குங்க. இன்னியோட எனக்கு இங்க சோறு தண்ணி முடிஞ்சது.

— இங்க மட்டும் முடிஞ்சா பத்தாது. இங்கேருந்து உங்க வீடு ரெண்டு மணி நேர ரோடு. யார் ஓட்டப்போறா?

— மெதுவா ஓரமாப் போயிடுவேன் மேடம். இன்னிக்கு ஒரு நாள்.

— அவங்களுக்கு ஓட்டத் தெரியாதா?

— தெரியாம என்ன? என்னைவிட நல்லா ஓட்டுவா. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்கப்பா வண்டியை இவதான் ஓட்டுவாளாம். நான்தான் சாவியைக் குடுக்கறதில்ல. அவ ஓட்டி நான் பக்கத்துல உக்காந்தா, இல்லாத பிரேக்கை என் கால் மிதிச்சுக்கிட்டே இருக்கும்.

— வெளிய எங்க ஆள் ஒருத்தர் நிக்கறார். அவரை விட்டு உங்க ரெண்டு பேரையும் வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்லட்டுமா?

— அப்பவும் ஏன்னு கேப்பாளே. மேடம், சொல்றேன் கேளுங்க. நானே அவகிட்ட சொல்லிடறேன். பேத்திக்குப் பரீட்சை நடக்குது, அது முடியட்டும். மூணே வாரம். அதுவரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

— நான் சொல்லப்போறதில்லண்ணே.

— நீங்க நல்லா இருப்பீங்க.

— சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. கொஞ்சம் வலது பக்கம் திரும்புங்க.

— எதுக்கு?

— அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு வந்தது நான்தாங்க; அப்போலேர்ந்து உங்க பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன், சாவியைக் குடுங்க.